பொறவு தடு

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகும் என் பழைய பிரிவில் இருக்கும் பிள்ளைகள் என்னை விடவில்லை. வல்லம் வடகாலில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் நெட்வொர்க் பிரிவு என்பது ஒரு ஏசி அறையும் நாலைந்து பேரும்தான். முன்பெல்லாம், எந்தக் கேபிள் எந்தச் சுவருக்குள் நுழைந்து எங்கே வெளியே வருகிறது என்று கேட்டுப் போன் செய்வார்கள். இந்த வருடம் கேள்வி மாறிவிட்டது.

"மேடம், நெட்வொர்க் த்ரெட் பிரிவென்ஷன் பரீட்சை எழுதியே ஆகணுமாம். பாஸ் பண்ணாதவங்கள ஸ்கிரீன் முன்னாடி உக்கார விட மாட்டாங்களாம். எப்படிப் படிக்கிறதுன்னு கொஞ்சம் எழுதி அனுப்புங்களேன்."

நான் அந்தப் பரீட்சையை எழுதியவள் இல்லை. நான் வேலையில் இருந்தவரை அதை யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை. என் மகன் சரவணன்தான் எழுதினான். அவனோடு உட்கார்ந்து பாடம் முழுவதையும் நானும் படித்தேன். படித்த நாட்கள் எங்கள் வீட்டில் நல்ல நாட்களாக இல்லை. அதனால் நீங்கள் கேட்டது போன்ற பரீட்சைக் குறிப்பாக இது இருக்காது. நடந்ததை எழுதுகிறேன். உங்களுக்கு வேண்டியது இதில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையைப் பற்றித் தெரியாதவர்கள் படித்தாலும் புரிய வேண்டும் என்பதற்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தொழிற்சாலையில் இரண்டு நெட்வொர்க் இருக்கும். ஒன்று ஆபீஸ் பக்கம். மெயில், சம்பளக் கணக்கு, ஸ்டோர் எல்லாம் அதில் ஓடும். இன்னொன்று லைன் பக்கம். மிஷின்களும் அவற்றை ஓட்டும் கம்ப்யூட்டர்களும் அதில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெட்டியை வைப்பார்கள். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போகும் ஒவ்வொன்றையும் அந்தப் பெட்டி பார்க்கும். தாக்குதல் மாதிரி ஏதாவது தெரிந்தால் எச்சரிக்கை கொடுக்கும். அந்த எச்சரிக்கைக்குப் பெட்டி என்ன செய்ய வேண்டும் என்பதை நாம்தான் சொல்லி வைக்க வேண்டும். டிடெக்ட் என்று வைத்தால் பார்த்துக் குறித்துக்கொள்ளும், போகவிடும். பிரிவென்ட் என்று வைத்தால் அங்கேயே தடுத்துவிடும். எங்கள் அறையில் இந்த இரண்டையும் 'பாரு', 'தடு' என்றுதான் சொல்வோம். பரீட்சையில் வருகிற கேள்விகளில் பாதி, சுற்றிச் சுற்றி இந்த இரண்டில் எது என்பதுதான்.

சரவணன் ஓரகடம் பக்கம் வேறொரு தொழிற்சாலையில் காண்டிராக்டில் சேர்ந்தான். என் வேலையே அவனுக்கும் வாய்த்ததில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு நாள் மத்தியானம் அவனுடைய சீனியர் லீவில் இருந்தபோது ஸ்கிரீனில் ஓர் எச்சரிக்கை வந்தது. வெளிநாட்டு முகவரி ஒன்றிலிருந்து வெல்டிங் லைனில் இருக்கும் ஒரு மிஷினுக்குள் என்னவோ எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. ஆபத்து அதிகம், நிச்சயம் அதிகம், அதாவது தாக்குதல்தான் என்பது கிட்டத்தட்ட உறுதி என்று பெட்டி சொன்னது. இவன் சீனியருக்குப் போன் போட்டான், எடுக்கவில்லை. மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். 'தடு' என்று மாற்றிவிட்டான்.

அது தாக்குதல் இல்லை. மிஷினைச் செய்து கொடுத்த கம்பெனி, யாருக்கும் சொல்லாமல், தூரத்திலிருந்தே அதற்குப் புது மென்பொருள் ஏற்றிக்கொண்டிருந்தது. பாதியில் அறுந்ததும் மிஷின் அரைகுறையாக நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் இருந்த லைன் முழுவதும் நின்றது. ஆள் வந்து சரிசெய்யும்வரை காண்டிராக்ட் தொழிலாளர்களை ஷிஃப்ட் இல்லை, சம்பளமும் இல்லை என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

இவனை யாரும் கூப்பிட்டுத் திட்டவில்லை. மேனேஜர்கூட, "உன் இடத்துல யார் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க" என்றாராம். ஆனால் மறுநாள் ஸ்கிரீன் முன்னாலிருந்து எடுத்து, லேப்டாப் கொடுத்து வாங்கும் மேஜையில் உட்கார வைத்தார்கள். சர்டிபிகேட் பரீட்சையைப் பாஸ் செய்தால் பழைய இடம். இல்லாவிட்டால் காண்டிராக்ட் முடியும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

அவனை உடைத்தது அதுவும் இல்லை. கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில், ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் ஒரு தம்பி இவனிடம் வந்திருக்கிறான். "அண்ணே, எங்க லைன நிப்பாட்டுனது நீங்கதானாண்ணே? நல்லா இருங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். கோபமே இல்லாமல் சொன்னானாம். இதை எங்களிடம் சொல்லும்போது சரவணன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள் சாயங்காலம் அவன் வண்டி கீழே வந்து நின்ற சத்தம் கேட்டது, ஆள் மேலே வரவில்லை. போய்ப் பார்த்தேன். மொட்டை மாடிக்கு ஏறிப்போயிருந்தான். கைப்பிடிச் சுவர் ஓரமாக, ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான். "இன்னாடா இங்க நிக்கிறே?" என்றேன். "சும்மாம்மா, காத்து வாங்க" என்றான். ஹெல்மெட் போட்டுக்கொண்டு யார் காற்று வாங்குவார்கள்? கையைப் பிடித்துக் கீழே அழைத்து வந்தேன். அன்றைக்கு மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை என் கைப்பையில் போட்டேன். இதை எழுதும்போதும் அது அங்கேதான் இருக்கிறது.

அதன் பிறகுதான் அவனோடு நானும் படிக்க உட்கார்ந்தேன். பரீட்சைக்காக என்று அவனிடம் சொன்னேன். பக்கத்தில் இருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது.

படிப்பில் அவன் மோசமில்லை. பெட்டியை எப்படி நிறுவுவது, அது எழுதி வைக்கும் குறிப்புகளை எங்கே தேடுவது, புது வைரஸ்களின் அடையாளங்களை எப்படி வரவழைப்பது, சந்தேகப்படும் ஃபைலைத் தனி அறை மாதிரி ஓர் இடத்தில் திறந்து பார்த்துவிட்டு உள்ளே அனுப்புவது, இதெல்லாம் கேட்டவுடன் சொல்வான். 'பாரு'வா 'தடு'வா என்ற கேள்வி வந்தால் மட்டும் அவன் முகம் மாறிவிடும்.

"ஆபத்து அதிகம், நிச்சயம் அதிகம், இதைப் போட்டா நெட்வொர்க் வேகம் ஒண்ணும் குறையாது. இன்னா பண்ணுவே?" என்று நான் படிப்பேன்.

"டிடெக்ட்."

"நிச்சயம் அதிகம்னு போட்டிருக்குடா."

"அன்னைக்கும் அப்படித்தாம்மா போட்டிருந்துச்சு."

அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி, எல்லாவற்றுக்கும் டிடெக்ட். மாதிரித் தேர்வில் ஒவ்வொரு முறையும் அதில்தான் தோற்றான். என் வீட்டுக்காரர் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். ஒரு நாள் டீயைக் குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், "இன்னாடா இது, வூட்டுக்குள்ள திருடன் பூந்தாலும் டார்ச் அடிச்சுப் பாத்துக்கினே இருப்பேன்றியே" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். சரவணன் எழுந்து உள்ளே போய்விட்டான். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அன்றைக்கு யாரும் படிக்கவில்லை.

மறுநாள் அவனாகவே வந்து உட்கார்ந்தான். "அம்மா, அந்த ஓவன் கதையைச் சொல்லு" என்றான்.

சின்ன வயதிலிருந்து பல தடவை கேட்ட கதைதான். என் வேலைக் காலத்தில் யார் எதைக் கேட்டாலும் நான் சொல்வது அந்த ஒன்றைத்தான். பத்திநாதன் சார் கதை. அவரோடு வேலை செய்தவர்களில் இப்போது அந்தப் பிரிவில் யாரும் இல்லை. ஆகவே உங்களுக்கும் சொல்கிறேன்.

காஞ்சிபுரத்தில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு நான் வேலைக்கு வந்தபோது எனக்குக் கொடுத்த ஆயுதம், கேபிள் முனையை இறுக்கும் ஓர் இடுக்கி. சேலைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறிக் கேபிள் இழுத்தேன். சில வருடங்களில் சர்வர் அறைக்குள் வந்தேன். பத்திநாதன் சார் மேனேஜராக வந்தபோதுதான் நடுவில் வைக்கும் அந்தப் பெட்டியும் வந்தது.

அவர் தூத்துக்குடிக்காரர். 'அப்புறம்' என்கிற வார்த்தை அவர் வாயில் வராது. 'பொறவு' என்பார். "சாப்பிட்டுட்டுப் பொறவு வாங்க", "பொறவு பாப்போம்". எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது சிரிப்பாக இருக்கும். அவர் இல்லாதபோது அவருக்குப் பெயரே 'பொறவு சார்'. ஒரு நாள் கேன்டீனில் ஒருத்தன், "இன்னாபா, பொறவு சார் வந்துக்கினாரா?" என்று சத்தமாகக் கேட்டபோது அவர் பின்னால் தட்டோடு நின்றிருந்தார். "வந்துட்டேன்பா. மொதல்ல சோறு, பொறவு பேச்சு" என்று சொல்லிவிட்டு அவன் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

கத்த மாட்டார். அவசரப்பட மாட்டார். ஆனால் பெட்டி விஷயத்தில் ஒரு பழக்கம் வைத்திருந்தார். எந்த எச்சரிக்கையையும் 'பாரு'விலிருந்து 'தடு'வுக்கு மாற்றுவதாக இருந்தால், மாற்றச் சொல்கிற ஆள், அதைத் தடுத்தால் தொழிற்சாலையில் எதெல்லாம் நிற்கும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் வாங்க மாட்டார். "எது நிக்கும்னு சொல்லு, பொறவு தடு." தெரியாது என்றால் எழுந்து லைனுக்குப் போய்க் கேட்டுவிட்டு வர வேண்டும். சொல்லி முடித்த பிறகு யாராவது ஒருவர் அந்த மிஷின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். பிறகுதான் மாற்றத்தைப் பெட்டிக்கு அனுப்புவார். அதையும் நாற்காலியில் உட்கார்ந்து செய்ய மாட்டார். எழுந்து நின்றுகொண்டு குனிந்து பொத்தானை அமுக்குவார். ஏன் சார் என்று ஒரு முறை கேட்டேன். "அங்கன எல்லாரும் நின்னுக்கிட்டுல்லாம்மா வேலை பாக்காங்க" என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை.

அந்த நாள் மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் இடத்துக்குத் திரும்பியிருந்த நேரம். ஆபீஸ் பக்கத்திலிருந்து லைன் பக்கத்துக்குச் சரமாரியாக எச்சரிக்கைகள் வர ஆரம்பித்தன. எங்கிருந்து என்று பார்த்தோம். ப்ரொடக்‌ஷன் சர்வர். வைரஸ் அதற்குள்ளேயே புகுந்துவிட்டது. அங்கிருந்து லைன் கம்ப்யூட்டர்களின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து உடனே போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். அந்த அதிகாரி ஆங்கிலத்திலும் ஹிந்தியிலுமாகச் சொன்னதன் சாரம், "உடனே தடு, கேள்வி கேட்காதே, எல்லா யூனிட்டும் தடுத்தாச்சு" என்பதுதான்.

பத்திநாதன் சார் என் பக்கம் திரும்பினார். "மல்லிகா, எது நிக்கும்?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். ஸ்டோர் ஸ்கிரீன் நிற்கும். லேபிள் பிரின்டர் நிற்கும். பெயின்ட் ஷாப்பில் கன்வேயர் நிற்கும். கன்வேயர் என்றதும் என் குரல் தானாகவே நின்றுவிட்டது.

எங்கள் பெயின்ட் ஷாப்பில் பாகங்களைக் கொக்கிகளில் தொங்கவிட்டு ஒரு சங்கிலி இழுத்துக்கொண்டு போகும். அடுத்த கொக்கியில் வருவது எந்தப் பாகம், எந்த நிறம் என்ற எண்ணை அந்த ப்ரொடக்‌ஷன் சர்வர்தான் அனுப்பும். எண் வராவிட்டால் சங்கிலி நகராது. வைரஸ் போன வழியும் அந்த எண் போன வழியும் ஒன்றே. ஒன்றை விட்டு ஒன்றைத் தடுக்கிற மாதிரி அந்த வைரஸின் அடையாளம் இன்னும் எங்கள் பெட்டிக்கு வந்திருக்கவில்லை. தடுத்தால் இரண்டும் நிற்கும். பெயின்ட் அடித்த பாகங்கள் அந்த நேரத்தில் ஓவனுக்குள் தொங்கிக்கொண்டிருந்தன. சங்கிலி நின்றால் பர்னர் தானே அணைந்துவிடும். ஆனால் உள்ளே இருக்கும் சூடு எங்கே போகும்? பாகங்கள் கருகும், சொட்டிக் கிடக்கும் பெயின்ட் பற்றிக்கொள்ளும். இறக்கும் வாயில் ஆட்கள் நிற்பார்கள்.

"போய் நில்லு" என்றார் சார். நான் ஓடினேன்.

பெயின்ட் ஷாப் சூப்பர்வைசர் ஏழுமலை வடக்குப்பட்டுக்காரர். சொல்லி முடிப்பதற்குள் கையை உயர்த்திவிட்டார். "இன்னா மேடம், திடீர்னு வந்து நிறுத்து நிறுத்துன்னா எப்படி? உள்ள ஃபுல்லா சாமான் கீது. ஏத்தறத நிறுத்தச் சொல்றேன். உள்ள கீறதெல்லாம் வெளிய வந்தப்புறம் இன்னா வேணா பண்ணிக்கோங்க. அதுக்கு முன்னாடி எவனாவது கை வெச்சான், நான் மனுசனா இருக்க மாட்டேன்."

இன்டர்காமில் சாரிடம் சொன்னேன். "சரி. கடைசிக் கொக்கி வெளிய வந்ததும் சொல்லு" என்றார். பின்னால் அந்த ஸ்பீக்கர் குரல் கத்திக்கொண்டிருப்பது எனக்கும் கேட்டது.

இந்த இடத்தைத்தான் நான் எப்போதும் விரிவாகச் சொல்வேன். ஓவன் வாயில் அனல் முகத்தில் அடிக்க நின்றேன். பாகங்கள் ஆடி ஆடி வெளியே வந்துகொண்டிருந்தன. சங்கிலி அதன் வேகத்தில்தான் போகும். வேகத்தைக் கூட்டினால் பெயின்ட் வேகாது என்பதற்காக அப்படித்தான் வைத்திருப்பார்கள். ஏழுமலை உள்ளே குனிந்து பார்த்துப் பார்த்து, "இன்னும் கீது, இன்னும் கீது" என்றார். அந்த நேரமெல்லாம் வைரஸ் லைனுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. தர சோதனை செய்யும் கம்ப்யூட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. அடுத்தது ஓவனை ஓட்டும் கம்ப்யூட்டராகவே இருந்திருக்கலாம். அதுவும் விழுந்திருந்தால், காத்திருந்ததே ஆபத்தாகியிருக்கும். சாருக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

கடைசிக் கொக்கி வெளியே வந்தது. "வந்துடுச்சு சார்" என்றேன். சங்கிலி என் கண் முன்னால் நின்றது.

யாருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. ஆனால் தலைமை அலுவலகம் அனுப்பிய அறிக்கையில் ஓவன் என்ற சொல்லே இல்லை. தடுக்கச் சொன்ன பிறகும் தாமதித்ததால் லைன் கம்ப்யூட்டர்கள் பாழாயின என்று இருந்தது. விசாரணைக்கு வந்தவரிடம் சார், "உள்ள சாமான் இருந்துச்சு சார்" என்று மட்டும் சொன்னார். அவரை வேறொரு யூனிட்டில் ஸ்டோர் பொறுப்புக்கு மாற்றினார்கள். நெட்வொர்க்கில் பழுத்த மனிதர், நட்டும் போல்ட்டும் எண்ணுகிற இடத்துக்குப் போனார். போகிற அன்று என்னிடம், "ஓவன் பக்கம் போனா அந்த ஏழுமலைய விசாரிச்சதா சொல்லு" என்றார். கொஞ்ச நாளில் ஊருக்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

கதை முடிந்ததும் சரவணன், "அம்மா, கடைசில அவர் அமுக்கினாரா இல்லியா?" என்றான்.

"அமுக்கினார்டா. அதான் சங்கிலி நின்னுச்சுன்னேனே."

"நீ ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தை ஒரே வரில முடிச்சுடறே. காத்துக்கினு நின்னதை மட்டும் அவ்ளோ நேரம் சொல்றே. சின்ன வயசுலேர்ந்து நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? நல்லவங்கன்னா தடுக்க மாட்டாங்க, அவசரப்படறவங்கதான் தடுப்பாங்கன்னு."

புத்தகத்தை மூடி வைத்தேன்.

"பொறவுன்னா அப்புறம்தானே?" என்றான்.

"ஆமா."

"அப்புறம் தடுன்னுதானே சொன்னாரு. தடுக்காதேன்னு சொல்லலியே."

இத்தனை வருடம் அந்த மனிதரோடு வேலை செய்தவள் நான். அந்த வார்த்தையைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அவரை ஸ்டோருக்கு மாற்றியது காத்திருந்ததற்காக என்பதால், நான் காத்திருந்ததையே கதையாக்கிவிட்டேன். அவர் எழுந்து நின்று, குனிந்து, தலைமை அலுவலகம் சொன்னபோது அல்லாமல் தான் முடிவு செய்த நேரத்தில், தானே பொறுப்பேற்றுத் தடுத்ததை நான் பார்க்கவில்லை. நான் ஓவன் பக்கம் நின்றிருந்தேன்.

"அன்னைக்கு நீ எது நிக்கும்னு யோசிச்சியா?" என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்று இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கேள்வி அது.

"வெல்டிங் மிஷின் நிக்கும்னு தெரியும். அதுக்குள்ள அந்த நேரத்துல இன்னா ஓடுதுன்னு லைனுக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு போன். பொத்தானை மட்டும்தாம்மா பாத்தேன்." பிறகு, "ஆனா நிஜமாவே தாக்குதலா இருந்திருந்தா, கேட்டுட்டு அமுக்கித்தான் இருக்கணும். இல்லம்மா?" என்றான்.

"ஆமாடா. அமுக்கித்தான் இருக்கணும்."

அதற்குப் பிறகு ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆகவில்லை. சில நாட்கள் மறுபடியும் எல்லாவற்றுக்கும் டிடெக்ட் என்றான். சில நாட்கள் புத்தகத்தை மூடிவிட்டுப் படுத்துவிட்டான். ஆனால் கேள்வியைப் படித்ததும் பதிலுக்குத் தாவாமல், இந்தக் கேள்வியில் இருக்கும் கம்பெனியில் தடுத்தால் எது நிற்கும் என்று சத்தமாகச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தான். மெயில் நிற்கும். நிற்கட்டும். பிரிவென்ட். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மிஷின் நிற்கும், நிச்சயம் குறைவு என்று போட்டிருக்கிறது. டிடெக்ட். சரியான விடைகள் மெல்லக் கூடின.

"இந்தக் கேள்வில நாலு விடைதான் கீது. மொதல்ல ஓவனைக் காலி பண்ணுன்னு அஞ்சாவது விடை இல்லியே, இன்னா பண்றது?" என்று ஒரு நாள் கேட்டான்.

"புக்ல இருக்கறதைப் போடு. பரீட்சை ஹால்ல யாரும் ஓவன் வாய்ல நிக்கல" என்றேன். சிரிக்கவில்லை, ஆனால் தலையாட்டினான்.

பரீட்சை தாம்பரத்தில். நானும் கூடவே போனேன், அவன் வேண்டாம் என்று சொல்லியும். மையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "புள்ளைக்கு இன்டர்வியூவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உண்மையைச் சொல்ல எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

முடிவு அங்கேயே ஸ்கிரீனில் வந்துவிடும். வெளியே வந்தவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் வந்து, "பாஸும்மா" என்றான். "ஒவ்வொரு கேள்விக்கும் வாய்க்குள்ளயே எது நிக்கும், எது நிக்கும்னு சொல்லிக்கினே இருந்தேன். பக்கத்து சீட்டுப் பொண்ணு நான் ஜெபம் பண்றேன்னு நெனச்சுக்கினு, வெளிய வந்ததும் எந்தச் சர்ச்சுன்னு கேக்குது."

நான் அழுதேன். டீக்கடைப் பெரியவர், "கெடைச்சுடுச்சா? நல்லது, நல்லது" என்றார்.

பாஸ் ஆகிவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். மறுபடியும் அவனை அந்த ஸ்கிரீன் முன்னால் உட்கார வைத்த நாளிலிருந்து பயம் இரண்டு மடங்காகியது. பரீட்சையில் தடு என்று குறிப்பது ஒன்று. நிஜத்தில் அமுக்குவது வேறு. அவன் கை வருமா? வந்து, மறுபடியும் தவறாகிவிட்டால்? அவன் திரும்பும் நேரத்தில் வண்டிச் சத்தம் கேட்டால், மேலே ஏறுகிற காலடி எங்கள் கதவில் நிற்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன்.

போன வாரம் ஒரு நாள் வந்ததும் சட்டையைக் கூட மாற்றாமல் சமையலறைக்கே வந்தான்.

"இன்னைக்கு ஒண்ணு தடுத்தேம்மா."

கரண்டியைக் கீழே வைத்தேன். "எதை?"

"கேன்டீன் டோக்கன் மிஷினை."

கார்டைத் தேய்த்தால் சாப்பாட்டு டோக்கன் கொடுக்கிற கம்ப்யூட்டர் அது. காலையிலிருந்தே தெரியாத ஏதோ முகவரிக்கு விடாமல் பேச முயன்றுகொண்டிருந்ததாம். பக்கத்து கம்ப்யூட்டர்களையும் தட்ட ஆரம்பித்துவிட்டது. ஆபத்து அதிகம், நிச்சயம் அதிகம். அவன் கேன்டீனுக்குப் போன் செய்து, "இதை நிறுத்தினா உங்களுக்கு எது நிக்கும்?" என்று கேட்டிருக்கிறான். "சோறு நிக்கும்" என்றாராம் கேன்டீன் சூப்பர்வைசர். டோக்கன் இல்லாமல் போடக் கூடாதா என்றதற்கு, ஒரு கரண்டி கூட முடியாது, ரூல் என்றாராம். ரூலைத் தளர்த்த மேனேஜரைப் பிடிக்க வேண்டும். அதற்குள் அது மற்றவற்றுக்கும் பரவிவிடும். ஷிஃப்ட் சாப்பாட்டு நேரம். வெளியே வரிசை நின்றுகொண்டிருந்தது.

"அமுக்கிட்டேன். அமுக்கிட்டு மேனேஜர்கிட்ட சொல்லிட்டுக் கீழ எறங்கிப் போனேன். வரிசை கேட் வரைக்கும் கீது. ஒருத்தர் தட்டைத் தட்டிக்கினே கத்தறாரு, 'யார்ரா அது சோத்துல கை வெச்சது?'ன்னு."

"நீ இன்னா சொன்னே?"

"நான்தாங்கன்னேன்."

"ஐயோ. அடிக்க வந்தாங்களா?"

"இல்லம்மா. கொஞ்ச நேரம் எல்லாரும் மாத்தி மாத்தித் திட்டினாங்க. அதுக்குள்ள மேனேஜர் வந்து கார்டைக் காட்டினாலே போடச் சொல்லிட்டாரு. அந்தத் தட்டு ஆளு என்னைப் பாத்து, 'நீ மட்டும் வரிசைல கடைசியா நிக்கிற. எல்லாரும் துன்னதுக்கு அப்புறம்தான் உனக்கு'ன்னுட்டாரு."

"நின்னியா?"

"நின்னேம்மா. சாம்பார் தீந்துபோச்சு. மோரை ஊத்திக்கினு அந்த ஆளு பக்கத்துலதான் உக்காந்து சாப்பிட்டேன்."